மலைத் தோட்டத்தில் ஒன்றுபோல் தெரியும் மிளகாய்களைப் பிரித்தறிவது எப்படி?

மிளகாய் வகையைக் கண்டுபிடிக்கக் காயிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். விரல் நீளம், கூர்நுனி, பழுத்தால் சிவப்பு என்ற மூன்று அடையாளத்துக்குள் சம்பாவும் அடங்கும், செரானோவும் அடங்கும், பாக்கெட்டில் வந்த ஏதோ ஒரு வீரிய ஒட்டு ரகமும் அடங்கும். நீலகிரியிலும் பழனி மலையிலும் இந்தக் குழப்பம் சமவெளியைவிடக் கூடுதல். இங்கே விதை நாலா பக்கமிருந்தும் வருகிறது: பசுமைக்குடிலில் குடைமிளகாய், கூடலூர்ப் பக்கம் காந்தாரி, கீழே இருந்து வரும் குண்டும் சம்பாவும், ஆன்லைனில் வாங்கிய ஹபனேரோ, பக்கத்து வீட்டார் கொடுத்த பெயர் தெரியாத ஒரு நாற்று. போதாததற்கு மலைக் குளிர் காயின் உருவத்தையே மாற்றிவிடும். கூடலூரில் நீண்டு தொங்கும் அதே ரகம் ஊட்டியில் குட்டையாக, தோளில் ஊதா படிந்து நிற்கும்.

அதனால் வரிசை இதுதான்: முதலில் பூ, அடுத்து கணு (தண்டில் இலையும் பூவும் கிளம்பும் இடம்), அடுத்து காம்புத் தொப்பி (காம்பு காயோடு சேரும் இடத்தில் இருக்கும் பச்சை மூடி), அடுத்து விதை. காயின் வடிவம், நிறம், காரம் எல்லாம் அதற்குப் பிறகு. முதல் நான்கும் செடி எந்த இனம் என்று சொல்லிவிடும். அந்த இனத்துக்குள் எந்த ரகம் என்பதற்கு மட்டும் காயைப் பாருங்கள்.

கையில் வேண்டியவை

பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ், புது பிளேடு, வெள்ளைத் தாள், மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்கேல், கொஞ்சம் கலர் நூல், ரப்பர் கையுறை. கடைசியில் சொன்னதை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஹபனேரோ வகைகளை வெறுங்கையால் நறுக்கிவிட்டுக் கண்ணைத் தொட்டால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

பூவைக் காலையில், அன்று விரிந்ததாகப் பார்த்துப் பறியுங்கள். மகரந்தப்பையின் நிறம் முக்கியமான அடையாளம். பை வெடித்து மகரந்தம் வெளியே வந்த பிறகு நீலப் பையும் வெளிர்மஞ்சளாகத் தெரியும். மூடுபனி நாளில் இன்னொரு சிக்கல் உண்டு. நனைந்த இதழ் கண்ணாடித்தன்மை அடைந்துவிடுவதால், வெறும் வெள்ளையா பச்சை கலந்த வெள்ளையா என்று சொல்ல முடியாது. பூவைக் காம்போடு எடுத்து, ஈரம் உலரும்வரை தாளில் வைத்துவிட்டுப் பிறகு பாருங்கள். ஒரு பூவை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், ஒரே செடியில் வெவ்வேறு கிளைகளிலிருந்து ஐந்து பூவாவது பாருங்கள்.

ஐந்து இனங்கள்

உலகம் முழுக்கப் பயிராகும் மிளகாய் எல்லாம் ஐந்து இனத்துக்குள் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் தாய்நாடு அமெரிக்கக் கண்டம்.

முதலாவது அன்னுவம். சந்தையில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி இதுதான்: சம்பா, குண்டு, பியாடகி, காஷ்மீரி, பஜ்ஜி மிளகாய், குடைமிளகாய், ஹாலபீனோ. பால் வெள்ளை இதழ், அதில் புள்ளி கிடையாது. மகரந்தப்பை நீலம் அல்லது ஊதா. ஒரு கணுவுக்குப் பெரும்பாலும் ஒரே பூ. காம்பும் தொப்பியும் சேரும் இடம் வழுவழுப்பாக ஓடும், இடையில் நெரிப்பு இருக்காது.

இரண்டாவது ஃப்ரூட்டசென்ஸ். ஊசி மிளகாய், காந்தாரி என்று சொல்லப்படும் சிறுகாய்கள் இதில் வரும். இதழ் பச்சை கலந்த வெள்ளை. காம்பு நேராக மேலே நிற்கும், பூ மட்டும் தலை கவிழ்ந்திருக்கும். காய் வானம் பார்த்து நிற்கும். பழுத்ததும் சதை மெத்தென்று ஆகிவிடும், லேசாக இழுத்தாலே தொப்பியைச் செடியில் விட்டுவிட்டுப் பழம் மட்டும் கையோடு வரும்.

மூன்றாவது சைனென்ஸ். ஹபனேரோ, ஸ்காட்ச் பானெட், நாகா மிளகாய். 1776-ல் இதற்குப் பெயர் வைத்த தாவரவியலாளர் ஜாக்கின் இது சீனாவிலிருந்து வந்தது என்று நினைத்துவிட்டார். உண்மையில் தென்னமெரிக்கச் செடி. ஒரு கணுவில் இரண்டு முதல் ஐந்து பூ வரை. தீர்க்கமான அடையாளம் தொப்பியில் இருக்கிறது: முற்றிய காயில், காம்பு தொப்பியோடு சேரும் இடத்தில் நூல் கட்டி இறுக்கிய மாதிரி ஒரு வளையம் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. நறுக்கியதும் பழ வாசனை தூக்கும். வாசனையை மட்டும் வைத்தே பலர் சொல்லிவிடுவார்கள். ஆனால் குளிரில் முற்றாமல் நின்ற காயில் வாசனை மந்தமாக இருக்கும் என்பதால் வளையத்தைப் பார்ப்பதே நல்லது.

நான்காவது பக்காட்டம். வெளிர் இதழின் அடியில் மஞ்சள்பச்சைப் புள்ளிகள், இதழுக்கு இரண்டாக. மகரந்தப்பை மஞ்சள். தொப்பியின் விளிம்பில் பற்கள் எடுப்பாக நிற்கும். புள்ளி இருக்கிறதா என்ற ஒரு கேள்வியே இந்த இனத்துக்குப் போதும்.

ஐந்தாவது பியூபசென்ஸ். ரொக்கோட்டோ என்ற ஆண்டிஸ் மலை மிளகாய். ஊதா இதழ், நடுப்பகுதி வெளுப்பு, தண்டிலும் இலையிலும் மெல்லிய ரோமம், தடித்த சதை. விதை கறுப்பு அல்லது கரும்பழுப்பு, மேலே சொரசொரப்பு. மற்ற நான்கு இனத்திலும் விதை வைக்கோல் நிறம்தான். கறுப்பு விதை இருந்தால் வேறு விசாரணையே வேண்டாம்.

இங்கே இரண்டு பொறிகளைச் சொல்லியாக வேண்டும். அலங்காரத்துக்கு வளர்க்கும் ஊதா இலை மிளகாய்களும் ஊதாப் பூ பூக்கும், அவை அன்னுவம். பூவைப் பார்த்து ரொக்கோட்டோ என்று குதிப்பதற்கு முன் ஒரு காயை நறுக்கி விதையைப் பாருங்கள். அதேபோல, சாதாரண மிளகாயில் பூஞ்சை ஏறினாலும் விதை கறுத்துப்போகும். அப்படிக் கறுத்தது திட்டுத்திட்டாக இருக்கும், பக்கத்துச் சதையும் அழுகியிருக்கும். ரொக்கோட்டோவில் எல்லா விதையும் ஒரே சீராகக் கறுப்பு, சதை ஆரோக்கியமாக இருக்கும்.

கணுவில் பூ எண்ணும்போது

செடி முதன்முதலில் கவையாகப் பிரியும் இடத்தில் எண்ணாதீர்கள். அங்கே எந்த இனமானாலும் ஒற்றைப் பூ வைப்பது சகஜம். மூன்றாவது நான்காவது கவைக்கு மேலே போய் எண்ணுங்கள். குளிர் காலத்தில் பூ உதிர்ந்துவிட்டிருக்கும், ஆனால் உதிர்ந்த இடத்தில் சிறு தழும்பு நிற்கும். நிற்கும் பூ, காய், தழும்பு மூன்றையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு சரி. கவனிக்கவேண்டிய விதிவிலக்கு ஒன்று: அன்னுவத்திலேயே கிளை நுனியில் ஏழெட்டுக் காய் கொத்தாக நிற்கும் வகைகள் உண்டு. அதில் கணுக்கள் நெருங்கிச் சுருங்கி ஒரே இடம்போல் தெரியும். வெள்ளை இதழும் வளையமில்லாத தொப்பியும் இருந்தால் கொத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

மலை செய்யும் மாயம்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கோடைக்கானல் சுமார் 2,100, குன்னூர் 1,850, கூடலூர் ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. இந்த வித்தியாசம் மிளகாய்க்குப் பெரிய வித்தியாசம். இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் மகரந்தம் வலுவிழந்துவிடும். அப்போது பிடிக்கும் காய் விதை இல்லாமல், சப்பையாக, பொத்தான் அளவில் நின்றுவிடும். குடைமிளகாயில் இது அடிக்கடி வரும். அந்தக் காயை வைத்து ‘இது ஏதோ செர்ரி ரகம்’ என்று முடிவு கட்டுகிறார்கள். நறுக்கிப் பாருங்கள்: விதை நாலைந்துகூட இல்லை என்றால் அந்தக் காய் சாட்சிக்கு உதவாது. வெயில் திரும்பியபின் வரும் காய்க்குக் காத்திருங்கள்.

அடுத்தது ஊதா. குளிரும் பளிச்சென்ற மலை வெயிலும் சேர்ந்தால் காயின் தோளிலும், கணுவிலும், தண்டிலும் ஊதா நிறமி படியும். ரகத்துக்கே உரிய ஊதா என்றால் காயைச் சுற்றிலும், நிழல் பக்கத்திலும் இருக்கும். வெயில் பட்ட பக்கம் மட்டும் படிந்திருந்தால் அது குளிரின் கைவேலை. இலையை விலக்கி நிழலில் இருக்கும் காயைப் பார்த்துத்தான் நிறம் எழுத வேண்டும்.

மூன்றாவது, பழுப்பதில் தாமதம். பூ பிடித்ததிலிருந்து நிறம் மாற, சமவெளியைவிட வாரக்கணக்கில் கூடுதலாக ஆகும். பாதியில் பறித்த காயை வைத்து ‘ஆரஞ்சு ரகம்’ என்று எழுதிவிடுவார்கள். வெளிர்மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு வழியாகச் சிவப்பில் முடியும் ரகங்கள் ஏராளம். நிறம் மாறத் தொடங்கிய காயின் காம்பில் ஒரு நூல் கட்டுங்கள். நிறம் இனி மாறவில்லை என்றாகும்வரை விட்டு வைத்து, கடைசி நிறத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பூச்சியும் உருவத்தைக் கெடுக்கும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டு தாக்குதலிலும் காயின் தோல் சொரசொரப்பாகிப் பழுப்புத் தழும்பு ஏறும், காய் கோணும். அதை ஹாலபீனோவின் கோடு என்று நினைத்துவிடக் கூடாது. ஹாலபீனோ முற்றும்போது தோலில் நீளவாக்கில் மெல்லிய வெளிர்பழுப்புக் கீறல்கள் ஓடும், காய் நேராகவும் கெட்டியாகவும் இருக்கும், இலையில் சுருட்டை இருக்காது.

எளிதில் மாறிப்போகும் ஜோடிகள்

காந்தாரியும் தாய்லாந்து மிளகாயும். இரண்டும் சிறியவை, இரண்டும் மேல்நோக்கி நிற்பவை, இரண்டும் கண்ணில் நீர் வரவைப்பவை. விதைக்கடையில் ‘பேர்ட்ஸ் ஐ’ என்ற ஒரே பெயரில் இரண்டும் கிடைக்கும். அந்தப் பெயரை நம்பி வாங்குவதில் பயனில்லை. தாய்லாந்து மிளகாய் என்று விற்பதில் பெரும்பாலானவை அன்னுவம்: பால் வெள்ளைப் பூ, பழுத்தாலும் விறைப்பான காய், தொப்பி காயோடு ஒட்டியே வரும், காய்ந்தால் நன்றாக வற்றலாகும். காந்தாரி காய் பெரும்பாலும் 1 முதல் 3 செ.மீ. மட்டுமே. பழுத்தால் மெத்தென்று ஆகிப் பழம் தனியே கழன்று வரும். செடி புதராகப் பல வருடம் நிற்கும். காந்தாரியில் இளங்காய் தந்த வெள்ளையாக இருக்கும் வகையும் உண்டு, அதைப் பார்த்து வேறு இனம் என்று எண்ண வேண்டாம். மலையில் காந்தாரி வைக்க கூடலூர், பர்லியார், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ் உயரங்களே தோது. உறைபனி விழும் மேட்டில் அது ஒரு டிசம்பரைத் தாண்டினாலே பெரிது.

ஹபனேரோ, ஸ்காட்ச் பானெட், பிஷப்ஸ் கிரவுன். முதல் இரண்டும் சைனென்ஸ். ஹபனேரோ நடுவில் அகன்று நுனியில் குவிந்து முடியும், நீளம் அகலத்தைவிடக் கூடுதல். ஸ்காட்ச் பானெட் அகலம் கூடி உயரம் குறைந்து, அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று எளிதில் இனக்கலப்பு ஆகக்கூடியவை. விதை வாங்கி வளர்த்தால் நடுவாந்தரமான உருவமும் வரும், அதற்குத் திட்டவட்டமான பெயர் தேடி அலைவது வீண். பிஷப்ஸ் கிரவுன் தூரத்தில் ஸ்காட்ச் பானெட் மாதிரியே இருக்கும், அது பக்காட்டம். மூன்று நான்கு சிறகுகள் பக்கவாட்டில் நீண்டிருக்கும், பூவில் புள்ளி, தொப்பியில் வளையம் இல்லை. காரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மாற்றிப் போட்டால் குழம்பைக் கொட்டத்தான் வேண்டும்.

நாகா மிளகாயும் சைனென்ஸ்தான். 6 முதல் 8 செ.மீ. நீளம், கூம்பிய நுனி, தோல் முழுக்க மேடு பள்ளம், மெல்லிய சதை. 2007-ல், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் 10 லட்சத்தைத் தாண்டிய மிளகாய் என்று கின்னஸ் பதிவு பெற்றது பூத் ஜோலோக்கியா என்ற இந்த வகைதான். ஒப்பிட, ஹபனேரோ சுமார் 1 லட்சம் முதல் 3.5 லட்சம், ஹாலபீனோ 2,500 முதல் 8,000. பச்சையாக இருக்கும்போது நாகாவைச் சுருக்கம் விழுந்த சாதாரண மிளகாய் என்று நினைத்துக் கடிப்பவர்கள் இருக்கிறார்கள். தொப்பி வளையத்தைப் பார்க்காமல் வாயில் வைக்காதீர்கள்.

ஹாலபீனோ, ஃப்ரெஸ்னோ, செரானோ. மூன்றும் அன்னுவம், பூ உதவாது, ஸ்கேல் உதவும். நடுவில் குறுக்கே வெட்டி அகலத்தையும் சதைத் தடிப்பையும் அளந்துபாருங்கள். ஹாலபீனோ 5 முதல் 9 செ.மீ. நீளம், 2.5 முதல் 4 செ.மீ. அகலம், மொண்ணை நுனி, தடித்த சதை. ஃப்ரெஸ்னோ தோளில்தான் அகலம், அங்கிருந்து நேராகக் கூம்பிக் கூர்நுனியில் முடியும், சதை ஹாலபீனோவைவிட மெல்லியது, பல காய் செடியில் நிமிர்ந்து நிற்கும். செரானோ விரல் தடிமனுக்குக் கீழ், ஒன்று ஒன்றரை செ.மீ. அகலம், மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே பருமன். சிவந்த ஹாலபீனோவையும் ஃப்ரெஸ்னோவையும்தான் அதிகம் மாற்றிப் பேசுகிறார்கள். நுனியைப் பார்த்தால் போதும்.

பனானா பெப்பரும் ஹங்கேரியன் வாக்ஸும். வெளிர்மஞ்சள், நீளம், மெழுகு பூசிய பளபளப்பு: கண்ணால் பிரிக்க வழியே கிடையாது. ஒன்று இனிப்பு, மற்றது காரம். நம் பஜ்ஜி மிளகாயும் இதே உருவக் கூட்டத்தில் வருவதால், விதை பாக்கெட்டில் எழுதியிருப்பதைவிட ஒரு காயை நறுக்கி ருசி பார்ப்பதே நம்பகம். பஜ்ஜிக்கு வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் ‘காரமா, காரமில்லாததா’ என்று கேட்டுப் பயனில்லை. ஒரே செடியில்கூடத் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் வளர்ந்த காய் கூடுதல் காரமாக இருக்கும்.

குடைமிளகாயில் அடியில் மூன்று மேடு இருந்தால் ஆண், நான்கு இருந்தால் பெண், பெண்ணில் விதை அதிகம் என்று ஒரு கதை சுற்றுகிறது. காய்க்கு ஆண் பெண் கிடையாது. மேட்டின் எண்ணிக்கை ரகத்தையும் வளர்ந்த சூழலையும் பொறுத்தது. பச்சைக் குடைமிளகாய் தனி ரகமும் கிடையாது, சிவப்போ மஞ்சளோ ஆகவேண்டிய காயை முன்னால் பறித்ததுதான்.

இது மிளகாயே இல்லை

ரொக்கோட்டோ, செர்ரி மிளகாய் இரண்டும் உருண்டையானவை. நறுக்கினால் விதை நிறம் பிரித்துவிடும். ஆனால் நறுக்குவதற்கு முன்னால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மலையில் சோலை ஓரங்களிலும் வீட்டு வேலியிலும் சொலானம் சூடோகேப்சிகம் என்ற ஒரு குறுஞ்செடி உண்டு. சிலர் அழகுக்காகத் தொட்டியிலும் வைப்பார்கள். உருண்டையான ஆரஞ்சு சிவப்புப் பழம், இலையும் மிளகாய் இலையை ஒத்திருக்கும். குழந்தைகள் செர்ரி மிளகாய் என்றோ குட்டித் தக்காளி என்றோ பறித்துவிடுவார்கள். இது நச்சுச் செடி.

பிரிப்பது எளிது. இதன் வெள்ளைப் பூவின் நடுவில் மகரந்தப்பைகள் ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில் ஒன்றோடொன்று நெருங்கிக் கூம்பாக நிற்கும். மிளகாய்ப் பூவில் அவை தனித்தனியாக விலகி நிற்கும். பழத்தை அழுத்தினால் உள்ளே சாறும் சதையும் நிறைந்திருக்கும். மிளகாய் எவ்வளவு உருண்டையாக இருந்தாலும் உள்ளே வெற்றிடம் உண்டு. பெயர் தெரியாத உருண்டைப் பழத்தை எந்தக் காரணத்துக்காகவும் ருசி பார்த்து அடையாளம் காணாதீர்கள். பிளேடால் வெட்டி, வெற்றிடம் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

ருசி பார்க்கும் முறை

காரம் விதையில் இருக்கிறது என்பது பரவலான தவறு. விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியில்தான் காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் உருவாகிறது. அதோடு உரசிக்கொண்டிருப்பதால் விதையிலும் காரம் படிகிறது. ஆகவே நுனியை மட்டும் கடித்துவிட்டு ‘காரமில்லாத ரகம்’ என்று சொன்னால் அது சோதனை ஆகாது.

இனம் தெரிந்த பிறகே ருசிக்கு வாருங்கள். சைனென்ஸ் என்று தெரிந்தால் ருசி தேவையே இல்லை. மற்றவற்றில், நுனியிலிருந்து கடுகளவு சதை எடுத்து நாக்கின் முன்பகுதியில் வைத்து அரை நிமிடம் பொறுங்கள். காரம் தெரியவில்லை என்றால் நடுப்பகுதி. அதற்கும் ஒன்றும் இல்லை என்றால் காம்புக்கு அருகில், வெள்ளைப் பகுதியோடு சேர்த்துக் கடுகளவு. ஒரு காய்க்கும் அடுத்த காய்க்கும் நடுவில் பத்து நிமிடமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் முதல் காயின் காரம்தான் மூன்றாவதிலும் தெரியும். எரிச்சலுக்குத் தண்ணீர் குடிப்பது வீண், கேப்சைசின் அதில் கரைவதில்லை. பாலோ தயிரோ எடுங்கள். கையில் எரிந்தால் முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு போடுங்கள்.

வற்றலாகக் கிடைத்தால்

வற்றலில் பூவும் கணுவும் இல்லை, மேல்தோலும் நிறமும்தான் சாட்சி. மலைக்காற்றின் ஈரத்தில் வற்றல் நமுத்துப்போகும். நமுத்த வற்றலில் சுருக்கம் மாறிவிடும் என்பதால், வெறும் சட்டியில் சிறுதீயில் ஒரு நிமிடம் புரட்டி ஆறவைத்த பிறகே பாருங்கள். கருக விடக்கூடாது, நிறம் போய்விடும்.

குண்டு உருண்டை, குலுக்கினால் விதை கலகலக்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு இந்த வகையே. சம்பா நீளம், மெலிவு, தோல் ஓரளவு வழவழப்பு, நல்ல காரம். பியாடகி நீளமாக, உடல் முழுக்கச் சுருக்கம் விழுந்து, அடர் சிவப்பாக இருக்கும், காரம் குறைவு. காஷ்மீரி என்று விற்கப்படும் மூட்டையில் பியாடகி இருப்பது உண்டு. சமையலில் இரண்டுக்கும் வேலை ஒன்றே, நிறம் கொடுப்பது, எனவே விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். குண்டூர் சன்னம் சம்பாவோடு மாறக்கூடியது. இந்த இரண்டையும் வற்றலை வைத்து உறுதியாகச் சொல்வது கடினம், வாங்கிய இடத்தைத்தான் நம்ப வேண்டும்.

நிறத்தை ஒப்பிட, ஒவ்வொரு வகையிலும் ஒரே எடை தோலை விதை நீக்கி நொறுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான எண்ணெயில் போட்டுக் கால் மணி நேரம் வையுங்கள். மிளகாயின் இயற்கைச் சிவப்பு எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. இதிலேயே இன்னொரு சோதனையும் அடங்கியிருக்கிறது. மிளகாய்த் தூளைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் மேலாகத் தூவும்போது உடனே சிவப்புக் கோடுகள் கீழே இறங்கினால் அதில் சாயம் சேர்த்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்ததைக் காப்பாற்ற

‘குடைமிளகாய் பக்கத்தில் காந்தாரி வைத்தேன், குடைமிளகாய் காரமாகிவிட்டது’ என்பார்கள். அந்தப் பருவக் காயில் அப்படி நடக்காது. காயின் சதையும் வெள்ளைப் பகுதியும் தாய்ச்செடியுடையவை, வேறு மகரந்தம் விழுந்தாலும் மாறாது. மாற்றம் விதைக்குள் இருக்கும், அடுத்த தலைமுறையில்தான் வெளியே வரும். பசுமைக்குடில் குடைமிளகாயிலிருந்து விதை எடுத்து ஏமாறுவது வேறு கதை: அது வீரிய ஒட்டு, அடுத்த தலைமுறை பல உருவமாகப் பிரிந்துவிடும்.

வேறு ரக மகரந்தம் கலக்காமலிருக்க, மிளகாயில் சான்று விதை உற்பத்திக்கு 200 மீட்டர், அதற்கு மூலமான ஆதார விதைக்கு 400 மீட்டர் தனிமைத் தூரம் கேட்கிறார்கள். படிக்கட்டு நிலத்தில் அத்தனை தூரம் யாருக்கும் கிடைக்காது. பதிலுக்கு உறை போடுங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டுகள் உள்ள கிளையை, ஏற்கெனவே விரிந்த பூவும் பிடித்த காயும் கிள்ளிவிட்டு, மெல்லிய மல் துணிப் பையால் மூடி, வாயில் பஞ்சு வைத்து நூலால் கட்டுங்கள். பஞ்சு இல்லாவிட்டால் எறும்பும் இலைப்பேனும் இடுக்கில் நுழையும். வெயில் ஏறியதும் கிளையைத் தினம் ஒருமுறை லேசாகத் தட்டிவிட்டால் சொந்த மகரந்தமே போதும். காய் பட்டாணி அளவு ஆனதும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்புகளில் மட்டும் கலர் நூல் கட்டுங்கள். பையை மூடுபனிக் காலத்தில் விட்டு வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூ அழுகும். ரொக்கோட்டோவுக்கு இந்தக் கவலை குறைவு, மற்ற நான்கு இனத்தோடு அது இனக்கலப்பு ஆவதில்லை, இன்னொரு ரொக்கோட்டோவோடு மட்டும் கலக்கும். காந்தாரியும் ஹபனேரோவும் பக்கத்தில் இருந்தால் கட்டாயம் உறை வேண்டும்.

முழுதாகப் பழுத்த காயிலிருந்து எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, மடக்கினால் வளையாமல் ஒடியும் பதம் வந்ததும் காகித உறையில் போடுங்கள். மலையில் காற்றாடக் காய்ந்தது போதாது. மூடி இறுக்கமான பாட்டிலின் அடியில் வறுத்து ஆறவைத்த அரிசியை இரண்டு விரல் உயரம் பரப்பி, அதன் மேல் உறையை வையுங்கள். உறையின் மேல் எழுத வேண்டியவை: இனம், காயின் நீளமும் அகலமும், இளங்காய் நிறம், கடைசிப் பழ நிறம், பூ நிறம், கணுவுக்கு எத்தனை பூ, விளைந்த ஊர், உறை போட்டதா இல்லையா. தோட்டத்தில் செடியருகே குத்தும் அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் எழுத்து மலை வெயிலில் வெளுத்துவிடும், பேனா மை முதல் மழையிலேயே வழிந்துவிடும்.